விலாவிலிருந்து கைக்கு

அந்தக் கடையில் காகிதத்துக்கு ஆயுசு குறைவு. செய்தித்தாளோ, மின்கட்டண ரசீதோ, பழைய நாட்காட்டியோ, எது மேஜைமேல் கேட்பாரற்றுக் கிடந்தாலும் அன்று மாலைக்குள் இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே போய்ச் சேர்ந்துவிடும். கண்ணாடியும் கண்ணாடியும் நேருக்கு நேர் உரசினால் கீறல் விழும். நடுவில் ஒரு தாள் இருந்தால் இரண்டும் சண்டை சச்சரவில்லாமல் வருஷக்கணக்கில் சாய்ந்து நிற்கும். மகளின் ஏழாம் வகுப்பு மதிப்பெண் அட்டை அப்படித்தான் காணாமல் போனது. அவள் பத்தாவது முடித்த பிறகு ஒரு குளியலறைக் கண்ணாடியின் முதுகிலிருந்து கிடைத்தது. “கணக்குல நாற்பது மார்க். அங்கேயே நிம்மதியா இருந்திருக்கும், எதுக்கு வெளிய எடுத்தீங்க?” என்றாள் மகள்.

தெருவில் அவருக்குக் கண்ணாடிக்காரர் என்றுதான் பெயர். அவர் மனைவி கல்யாணமான புதிதில் மத்தியானச் சாப்பாடு கொடுக்கத்தான் கடைக்கு வந்துகொண்டிருந்தாள். ஒரு நாள் வேலையாள் வரவில்லை; அலமாரிக் கண்ணாடி ஒன்றின் மறுமுனையைப் பிடிக்க ஆளில்லை. சாப்பாட்டுப் பையைக் கீழே வைத்துவிட்டு அவள் பிடித்தாள். அதன்பிறகு இருபத்திரண்டு வருஷமாக அந்த முனையை அவள் யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை.

முதல் நாளே அவர் ஒரு விதி சொன்னார். “நழுவுதுன்னு தோணினா எட்டிப் பிடிக்காதே. ‘விட்டேன்’னு சத்தமா சொல்லிட்டுப் பின்னால போயிடு. அது காதுல விழுந்ததும் நானும் விட்டுடுவேன். கண்ணாடி போனா வேற கண்ணாடி. விரல் போனா வேற விரல் கிடைக்காது.”

இத்தனை வருஷத்தில் அந்தச் சொல்லை இருவருமாக நான்கே தடவை சொல்லியிருந்தார்கள். நான்கு கண்ணாடி உடைந்தது. இருபது விரலும் மிஞ்சியது.

ஐந்தாவது தடவை சொன்னவள் அவள்.

நடன வகுப்பு ஒன்றுக்காக ஆள் உயரத்துக்கும் மேலான கண்ணாடி. இரண்டாம் மாடி. லிஃப்டில் நுழையாததால் படிக்கட்டு வழியாகத்தான் கொண்டுபோக வேண்டும். அவர் மேலே, பின்புறமாக ஏறினார். அவள் கீழ்முனையில். திருப்பத்தில் உள்ளங்கை வியர்த்து முனை வழுக்கியது. விதிப்படி “விட்டேன்” என்றாள். விதிப்படி பின்னால் போனாள். முதுகில் சுவர் இடித்தது. கண்ணை மூடிக்கொண்டாள்.

வழக்கமாக அந்தச் சொல்லுக்கும் உடையும் சத்தத்துக்கும் நடுவே இடைவெளி இருக்காது. அன்று இருந்தது. இரண்டு மூச்சு விடும் நேரம். அதற்குள் எப்படியோ அவள் பக்கவாட்டில் நகர்ந்து நான்கு படி கீழே இறங்கியிருந்தாள். பிறகுதான் கண்ணாடி சரிந்து போய்ச் சுவரில் மோதி நொறுங்கியது. அண்ணாந்து பார்த்தபோது அவர் கைப்பிடிக் கம்பியில் குப்புறச் சாய்ந்திருந்தார். இடது கை கம்பிகளுக்கு நடுவே கீழ்நோக்கி இழுபட்டுத் தொங்கியது. கண்ணாடியைத் தூக்கும் பட்டை மணிக்கட்டில் இரண்டு சுற்றுச் சுற்றியிருந்தது. பட்டையைக் கையில் சுற்றாதே என்பதும் அவர் சொன்ன விதிதான்.

ஒரு சொட்டு ரத்தம் இல்லை. எலும்பு முறியவில்லை. ஆனால் அந்தக் கை அதன்பிறகு அவர் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை.

ஆஸ்பத்திரிக்குப் பார்க்க வந்த நாத்தனார், தம்பியின் கட்டிலருகே உட்கார்ந்து மூக்கைச் சிந்திவிட்டுக் கேட்டாள்: “நீ இன்னும் கொஞ்ச நேரம் பிடிச்சிருந்தா அவன் கை போயிருக்குமா? நீ பாட்டுக்கு விட்டுட்டே.”

“நழுவினா விடணும் அண்ணி. அதுதான் தொழில்ல...” என்று ஆரம்பித்தவள், பாதியில் நிறுத்திக் கணவரைப் பார்த்தாள். அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாத்தனார் சொன்னதை அவள் இரண்டு நாளில் மறந்திருப்பாள். அவர் சொல்லாததுதான் முள்ளாக உள்ளேயே தங்கிவிட்டது.

மூன்று மாதம் கழித்துக் கை டாக்டரின் அறையில் உட்கார்ந்திருந்தார்கள். ஐம்பது வயதுக்கு மேற்பட்ட பெண்மணி. நகத்தை ஒட்ட வெட்டியிருந்தார். படம் வரைந்து பேசுகிறவர். கழுத்தை வரைந்து, அதிலிருந்து ஐந்து கோடுகளைக் கைக்கு இழுத்தார்.

“உங்க கைக்குப் போற நரம்பு இந்த அஞ்சும்தான். கையைக் கீழ இழுத்த வேகத்துல, தண்டுவடத்துல இருந்தே பிடுங்கிக்கிட்டு வந்துடுச்சு.”

“ஒட்டுப்போட முடியாதா டாக்டர்?” என்று அவள் கேட்டாள்.

“நடுவுல அறுந்திருந்தா, கால்ல இருந்து ஒரு நரம்பை எடுத்து இடைவெளில வச்சுத் தைக்கலாம். இது வேரோட வந்திருக்கு. தைக்கிறதுக்கு அந்தப் பக்கம் முனையே இல்ல.”

“அப்ப என்ன வழி?”

“இரவல் வாங்கணும்.” டாக்டர் விலா எலும்புகளை வரைந்தார். “இதுங்களுக்கு நடுவுல நரம்பு ஓடுது. மூச்சு இழுக்க உதவி பண்ற நரம்பு. நிறைய இருக்கு. அதுல மூணை எடுத்து அக்குள் வழியா திருப்பி, முழங்கையை மடக்குற புஜத் தசையில சேர்ப்போம். தோளுக்கு, தோளைக் குலுக்குற நரம்புல இருந்து ஒரு கிளை. சரியாப் பிடிச்சா முழங்கை மடங்கும், தோள் ஓரளவு நிக்கும்.”

“விரலு?” என்றார் கண்ணாடிக்காரர். அன்று அவர் பேசிய முதல் வார்த்தை அது.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். “விரல் அடுத்த கட்டம். தொடையில இருந்து ஒரு தசையை, அதோட ரத்தக்குழாய் நரம்போட எடுத்துக் கையில வைக்கணும். அது விரலை இழுக்கும். டம்ளரைப் பிடிக்கிற அளவுக்கு வரலாம். வராமலும் போகலாம். பழைய கை திரும்பி வரும்னு நான் சொல்ல மாட்டேன்.”

“வேற வழி?”

“கையை எடுத்துட்டுச் செயற்கைக் கை வைக்கிறது. அதுவும் ஒரு வழிதான். சிலருக்கு அதுதான் சரி. ஆனா எடுத்ததைத் திருப்பி வைக்க முடியாது. அதனால அதைக் கடைசியில வைங்கன்னு சொல்வேன்.”

“இரவல் நரம்பு வேலை செய்ய எத்தனை நாளாகும்?”

“நரம்பு ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர்தான் வளரும்.”

அவர் முகத்தில் ஏதோ அசைந்தது. “எங்க தொழில்ல ஒரு மில்லிமீட்டர் தப்பினா கண்ணாடி சட்டத்துல உட்காராது.”

“அப்ப உங்களுக்கு அதோட அருமை தெரியும்” என்றார் டாக்டர். “காத்திருக்க முடியாதது தசைதான். நரம்பில்லாம வருஷம் தாண்டினா வத்திப் போயிடும். அப்புறம் நரம்பு போய்க் கதவைத் தட்டினாலும் திறக்க ஆள் இருக்காது. முடிவு பண்றதுன்னா இந்த மாசத்துக்குள்ள பண்ணுங்க.”

பேருந்தில் வரும்போது அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: “எடுத்துடலாம்.”

“எதை?”

“கையை. கடையில நிக்கும்போது இது எங்க போய் எதுல இடிக்குதுன்னு எனக்கே தெரியல. இது கை இல்ல, சுமை.”

அவள் அதுவரை எதற்கும் அவரிடம் பிடிவாதம் பிடித்தவள் அல்ல. அன்று பிடித்தாள். சாப்பிடும்போது பிடித்தாள், துணி மடிக்கும்போது பிடித்தாள், மகளையும் சேர்த்துக்கொண்டாள். “அந்தம்மா கடைசியில வைங்கன்னு சொன்னதை நீங்க முதல்ல வைக்கிறீங்க. ஒரு தடவை எனக்காகப் பண்ணிக்குங்க.” அந்தக் கை திரும்பினால் தான் விட்டதும் இல்லையென்று ஆகிவிடும் என்று அவள் நம்பினாள். அதை மட்டும் வெளியே சொல்லவில்லை.

கடைசியில் அவர் இறங்கிவந்தார். ஒரு நிபந்தனை. “ஆபரேஷன் முடிஞ்சு ஒன்பது மாசம் பார்ப்போம். ஒரு சின்ன அசைவு வந்தாலும் அடுத்ததைப் பத்திப் பேசலாம். ஒண்ணுமே வரலைன்னா பத்தாவது மாசம் எடுத்துடணும். அப்ப நீ தடுக்கக் கூடாது.”

“சரி” என்றாள். வேறென்ன சொல்ல முடியும்.

அறுவை சிகிச்சை ஏழு மணி நேரம் நடந்தது. வீட்டுக்கு அனுப்பும்போது மூன்று தாள் கொடுத்தார்கள். முதல் தாளில் பயிற்சிகளின் படம் இருந்தது. அதை அவள் கடைச் சுவரில் ஒட்டினாள். மற்ற இரண்டும் அன்று மேஜைமேல் கிடந்தன. மேஜைமேல் கிடக்கும் தாளுக்கு அந்தக் கடையில் என்ன கதி என்பதுதான் முதலிலேயே சொல்லியாயிற்றே.

தோள்கட்டு அவிழ்த்த நாளிலிருந்து தினமும் காலையில் கடை திறப்பதற்கு முன்னால் அவருக்குப் பயிற்சி. அவரை ஸ்டூலில் உட்காரவைத்து, எண்ணெய் தடவி, தோளிலிருந்து விரல் நுனிவரை அழுத்திவிடுவாள். ஒவ்வொரு விரலையும் மடக்கி நீட்டுவாள். மூட்டு இறுகிப் போனால் நரம்பு வந்தும் பிரயோஜனமில்லை என்று சொல்லியிருந்தார்கள். புஜத்தை அழுத்தி, “கையில ஏதாவது தெரியுதா?” என்று கேட்பாள். “இல்ல” என்பார். அது தினசரி வணக்கம் சொல்வதுபோல் ஆகிவிட்டது. மூன்றாம் மாதம் டாக்டரும் அழுத்திப் பார்த்து, “இன்னும் காலம் இருக்கு” என்றார்.

ஆனாலும் அந்தக் காலை நேரம் அவளுக்குப் பிடித்திருந்தது. வெளியே தெருவில் ஷட்டர்கள் ஒவ்வொன்றாக ஏறும் சத்தம். உள்ளே சாய்த்து வைத்த கண்ணாடிகளில் நாலு பக்கமும் இவர்களே உட்கார்ந்திருப்பார்கள்.

“அங்க பாரு, எட்டுப் பேருக்கு எண்ணெய் தேய்க்கிறே” என்பார் அவர்.

“எட்டுப் பேரும் சும்மாதான் உட்கார்ந்திருக்கீங்க. ஒருத்தராவது எழுந்து கூட்டிப் பெருக்கலாம்” என்பாள்.

ஐந்தாம் மாதம் ஒரு காலையில் அவள் புஜத்தை அழுத்தியதும் அவர் சட்டென்று உடம்பைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

“என்னங்க?”

“ஒண்ணுமில்ல. போதும் இன்னிக்கு.”

மறுநாளும் அதே. விரல்களை மடக்க விடுவார். முழங்கைக்கு மேலே போனால் ஸ்டூலை விட்டு எழுந்துவிடுவார். வாரம் திரும்புவதற்குள், “நானே பண்ணிக்கிறேன், நீ கடையைப் பாரு” என்று சொல்லிவிட்டார்.

இத்தனை நாள் அவர் அடக்கிவைத்திருந்தது இப்போது வெளியே வருகிறது என்று நினைத்தாள். விட்டவளின் கை தன்மேல் படுவது அவருக்குப் பிடிக்கவில்லை. வேறென்ன இருக்க முடியும்? மகளிடம் கேட்டாள்.

“அப்பா உன்கிட்ட ஏதாவது சொன்னாரா?”

“என்கிட்ட எங்க பேசறார்? கதவுகிட்ட பேசற மாதிரி ‘சாப்பிட்டியா’ன்னு கேட்கிறார். ‘சாப்பிட்டேன்’னு சொல்லிட்டுப் போயிடுறேன். ஏன், சண்டையா?”

“சண்டை போட்டாத்தான் தேவலையே.”

ஆறாம் மாதம் டாக்டரிடம் போக வேண்டிய நாளில், கடையை மூட வேண்டாம், நான் மட்டும் போய்வருகிறேன் என்று கிளம்பினார். மத்தியானம் திரும்பி வந்து, “பார்த்தாங்க. ஒண்ணும் இல்லன்னுட்டாங்க” என்றார். அவள் மேற்கொண்டு கேட்கவில்லை. கேட்டால் கை எடுப்பதைப் பற்றிய பேச்சு வரும்.

எட்டாம் மாதம் அது தானாகவே வந்தது. கம்பளி விரித்த வெட்டுமேஜையில் அவர் ஒற்றைக் கையால் அளவுகோலை அழுத்திக்கொண்டு ஏதோ யோசனையில் நின்றிருந்தார். இடது கை கழுத்தில் மாட்டிய துணிக்கட்டை விட்டுச் சரிந்து, புதிதாக வெட்டிய விளிம்பின்மேல் கிடந்தது. பச்சைக் கம்பளியில் ஏதோ கறுப்பாகப் பரவுவதைப் பார்த்து அவள்தான் ஓடிவந்தாள். உள்ளங்கையில் நீளமான வெட்டு. அவருக்குத் தெரியவே இல்லை.

ஆறு தையல் போட்டு வந்த பிறகு அவர் நிதானமாகச் சொன்னார்: “இன்னும் அஞ்சு வாரம் இருக்கு. அதுக்கு மேல வேணாம். நான் விசாரிச்சுட்டேன். அடுத்த மாசம் பத்தாம் தேதிக்கு மேல எப்ப வேணா எடுத்துடலாமாம்.”

“சரி” என்றாள். கொடுத்த வாக்கு.

அன்றிலிருந்து சுவரிலிருந்த நாட்காட்டியை அவள் நேராகப் பார்க்கவில்லை. ஆனால் அந்தக் கடையில் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஏதாவது ஒரு கண்ணாடியில் அது இடவலம் மாறித் தெரிந்தது.

நாலு தெரு தள்ளி இருக்கும் முடிதிருத்துபவர் அவ்வப்போது கண்ணாடி மாற்ற வருவார். வாயாடி. சில நாள் கழித்து ஒரு காலையிலும் வந்தார்.

“அக்கா, நல்லதா ஒண்ணு குடுங்க. போன தடவை குடுத்ததுல என் வாடிக்கையாளருங்க மூஞ்சியெல்லாம் அப்படியே உள்ளது உள்ளபடி தெரியுது. வியாபாரம் படுத்துடுச்சு.”

“உள்ளதைத்தானே காட்டும்?”

“கொஞ்சம் பொய் சொல்ற கண்ணாடி இருந்தா பாருங்க.”

சிரித்துக்கொண்டே அவள் பின்வரிசையில் கை விட்டு ஒரு கண்ணாடியை முன்னால் சாய்த்தாள். பின்னாலிருந்து ஒரு தாள் தரையில் விழுந்தது. மேலே ஆஸ்பத்திரியின் முத்திரை. மருந்துச் சீட்டாக இருக்கும் என்று எடுத்துப் பார்த்தாள். ‘இரண்டாம் பக்கம். வீட்டில் கவனிக்க வேண்டியவை.’ ஒவ்வொரு வரியாகக் கண்ணை ஓட்டினாள். காயத்தில் சீழ். காய்ச்சல். மூச்சுத் திணறல். ஆறாவது வரியில் கண் நின்றது.

அதை மூன்று தடவை படித்தாள். பிறகு, “தம்பி, நாளைக்கு வாங்க. நானே எடுத்து வைக்கிறேன்” என்றாள்.

“என்னக்கா, முகம் ஒரு மாதிரி ஆயிடுச்சு?”

“நாளைக்கு வாங்க.”

அவர் போனதும் ஷட்டரைப் பாதிவரை கீழே இறக்கிவிட்டாள். உள்ளறையில் கண்ணாடிக்காரர் ஒரு விளிம்பை ஒற்றைக் கையால் தேய்த்துக்கொண்டிருந்தார்.

“சட்டையைக் கழட்டுங்க.”

“கடை நேரத்துல என்ன பேச்சு இது?”

“கழட்டுங்கன்னு சொல்றேன்ல.”

அவள் குரலில் என்ன இருந்ததோ, அவர் அவள் பக்கம் திரும்பி நின்றார். பித்தானை அவளே கழற்றினாள். இடது புஜத்தைக் கொத்தாகப் பிடித்து அழுத்தினாள். அவர் பல்லைக் கடிப்பது தாடையில் தெரிந்தது.

“தெரியுதா?”

“கையில ஒண்ணும் தெரியல.”

“நான் கையைக் கேட்கல. எங்க தெரியுதுன்னு கேட்டேன்.”

அவர் அவளைப் பார்த்தார். தேய்க்கும் கல்லைக் கீழே வைத்தார். “உனக்கு யார் சொன்னா?”

“எங்கன்னு சொல்லுங்க.”

“நெஞ்சுல” என்றார். “நீ கையைத் தொட்டா எனக்கு நெஞ்சுல என்னமோ பண்ணுது. சுருக்குன்னு இழுக்குது. அஞ்சாம் மாசத்துல இருந்து.”

வேறு எந்த நேரமாக இருந்தாலும் அந்த வார்த்தைக்கு அவள் சிரித்திருப்பாள். அவர் சிரிக்கிற நிலையில் இல்லை. நெற்றியில் வியர்த்திருந்தது.

“எங்கப்பாவுக்கும் இடது பக்கம்தான் ஆரம்பிச்சுது. கையும் நெஞ்சும். பதினோரு நாள்ல போயிட்டாரு. விலாவுக்குள்ள கை வச்சாங்கல்ல, எதையோ தொட்டுட்டாங்கன்னு நினைச்சேன்.”

“ஆறாம் மாசம் டாக்டர்கிட்ட சொன்னீங்களா?”

“போகல. ஆஸ்பத்திரி வராந்தாவுல ஒரு மணி நேரம் உட்கார்ந்துட்டு வந்துட்டேன்.”

“ஏன்?”

“இதயம்னு சொல்லிட்டாங்கன்னா உன்கிட்ட என்னன்னு சொல்றது? நீதானே ஆபரேஷன் வேணும்னு நின்னே.” அவர் எண்ணெய்க் கறை படிந்த தன் வலக்கையைப் பார்த்துக்கொண்டே பேசினார். “ஏற்கெனவே ஒண்ணைத் தூக்கிக்கிட்டுத் திரியுறே. அதுக்கு மேல இதையும் ஏத்த வேணாம்னு பார்த்தேன்.”

இருபத்திரண்டு வருஷமாக ஒரே பொருளின் இரண்டு முனையைப் பிடித்தவர்கள். நடுவில் நிற்பது கண்ணாடிதான். ஆனாலும் எதிர்முனையில் இருப்பவர் முகம் தெரியவில்லை.

“தூக்கிக்கிட்டுத் திரியறேன்னு தெரியுதுல்ல. அண்ணி அன்னிக்குக் கேட்டப்ப ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. நான் விட்டது சரின்னு.”

“சரின்னு சொன்னா, அப்புறம் நீ ஏன் விடலன்னு அக்கா கேட்கும். நீயும் கேட்பே.”

“ஏன் விடல?”

வெளியே யாரோ ஷட்டரைத் தட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

“நீ சொன்னது காதுல விழுந்துச்சு. நீ சுவரோட ஒட்டிக்கிட்டுக் கண்ணை மூடிக்கிட்டு நிக்கிறே. பின்னால போக இடமில்ல. நான் விட்டா அது நேரா உன் கழுத்துக்குத்தான் வரும். ‘நகரு, நகரு’ன்னு கத்தினேன். நீ நகர்ந்தே. அப்புறம் விட்டேன்.”

அப்படியானால் தான் எப்படியோ நகர்ந்ததாக நினைத்தது எப்படியோ அல்ல. அந்தக் குரல் அவள் நினைவில் இல்லை. கால்களுக்கு மட்டும் கேட்டிருக்கிறது.

“உனக்காகத்தான் பிடிச்சேன்னு சொன்னா நீ காலம் பூரா அதையே நினைச்சுக்கிட்டு இருப்பே. அதான் சொல்லல” என்றார் அவர். “சொல்லாததுக்கும் அதேதான் பண்ணியிருக்கே.”

அவள் ஒரு வருஷமாக அழாததை அப்போது அழுதாள். அவர் தடுக்கவில்லை. ஒற்றைக் கையால் அவள் தலையைத் தன் வலது தோளில் சாய்த்துக்கொண்டார். அந்தத் தோளில் தொடுவது தொட்ட இடத்திலேயே தெரியும்.

பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு தாளை அவர் முன் நீட்டினாள். “ஆறாவது வரியைப் படிங்க.”

அவர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு வாய்விட்டுப் படித்தார். “புஜத் தசையை அழுத்தும்போது, விலாப்பகுதியிலோ நெஞ்சிலோ உணர்வு தோன்றினால், அது இணைத்த நரம்பு தசையைச் சென்றடைந்ததன் முதல் அறிகுறி. அஞ்ச வேண்டாம். உடனே மருத்துவரிடம் தெரிவிக்கவும்.”

கடைசி வரியில் குரல் இறங்கிவிட்டது. “இது எங்க இருந்துச்சு?”

“எங்க இருக்கும்? கண்ணாடிக்கு நடுவுல. நீங்க வச்சீங்களோ, நான் வச்சேனோ.”

ஆள் உயரக் கண்ணாடி ஒன்றை அவர் எதிரே நகர்த்தினாள். அவர் பின்னால் நின்று, தொங்கிய புஜத்தின்கீழ் உள்ளங்கையைக் கொடுத்தாள். “மூச்சை இழுங்க. நல்லா.”

இழுத்தார். ஒன்றுமில்லை. இன்னொரு தடவை. ஒன்றுமில்லை. மூன்றாம் தடவை, விலா விரிந்து நின்ற கணத்தில், வற்றிய தோலுக்கு அடியில் ஏதோ ஒன்று, குளத்தில் மீன் வாலைத் திருப்பியதுபோல, ஒரு முறை நெளிந்து அடங்கியது.

கண்ணாடியில் இருவரும் பார்த்தார்கள்.

“மறுபடியும் பார்ப்போம்” என்றார் அவர். எந்த அளவையும் இரண்டு தடவை எடுக்காமல் அவர் வெட்டியதில்லை.

மறுபடியும் இழுத்தார். மறுபடியும் நெளிந்தது.

மறுநாள் டாக்டர் முதலில் திட்டினார். “ஆறாம் மாசம் ஆளையே காணோம். நோயாளி ஒளிஞ்சு விளையாடினா நான் என்ன பண்றது? பயந்ததுதான் பயந்தீங்க, ஒரு ஈசிஜி எடுத்துப் பார்த்திருக்கலாமே.” அன்றே அதையும் எடுக்க வைத்தார். இதயம் நன்றாகவே இருந்தது. பிறகு கையை நீண்ட நேரம் அழுத்தி, மூச்சை இழுக்கச் சொல்லி, இருமச் சொல்லி, ஊசி மின்முனை வைத்துப் பார்த்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தார்.

“கைத் தசைக்கு இப்ப விலா நரம்புதான். ஆனா மூளைக்கு இன்னும் பழைய முகவரிதான் தெரியும். அதான் கையில தொட்டா நெஞ்சுலன்னு நினைச்சுக்குது. போகப்போகப் பழகிடும். மூச்சை இழுத்து இழுத்துப் பழகுங்க. ஒரு நாள் மூச்சைப் பத்தி நினைக்காமலே கை மடங்கும்.”

“அப்பா, ‘நீ தொட்டா நெஞ்சுல என்னமோ பண்ணுது’ங்கிற வசனத்தை இருபத்திரண்டு வருஷம் தாமதமா அம்மாகிட்ட சொல்லியிருக்கீங்க” என்றாள் துணைக்கு வந்திருந்த மகள். டாக்டரே சிரித்துவிட்டார்.

கண்ணாடிக்காரர் சிரிக்கவில்லை. மேஜைமேல் குனிந்து டாக்டரின் பழைய படத்தைத் தேடினார். “தொடையில இருந்து ஒரு தசைன்னு சொன்னீங்களே. அதுக்கும் நாள் தாண்டிடுச்சா?”

“இல்ல. அது வத்தாத தசை, அதனால அவசரமில்ல. ஆனா நான் சொன்னது ஞாபகம் இருக்கட்டும். டம்ளர் பிடிக்கிற அளவுதான். இந்தக் கையால நீங்க இனிமே பெரிய கண்ணாடி தூக்க முடியாது.”

“தெரியும்” என்றார். “டம்ளர் போதும்.”

அவள் பக்கம் அவர் திரும்பவில்லை. ஆனால் முழங்கையை அவள் முழங்கையோடு இடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

பத்தாம் தேதி வந்தது. அன்று முடிதிருத்துபவரின் கண்ணாடியைக் கொண்டுபோய் மாட்ட வேண்டியிருந்தது. அவர் கடை முதல் மாடியில். பெரிய கண்ணாடி இல்லை, ஆனாலும் படி இருந்தது. மேல்முனையை அவள் பிடித்தாள். கீழ்முனை மகளுக்கு. கண்ணாடிக்காரர் நாலு படி மேலே நின்று, இடது கையைத் துணிக்கட்டில் போட்டுக்கொண்டு, வழி சொன்னார்.

“வெயிட் இருக்கும்மா” என்றாள் மகள்.

“பேசாம தூக்கு. கண்ணாடி கையில இருக்கும்போது பேசக் கூடாது.”

திருப்பத்தில் அவள் கால் தானாக நின்றது. இடம் வேறு, படிக்கட்டு வேறு. சுவர் மட்டும் எங்கும் ஒரே மாதிரி சுவர்தான். மகளின் முதுகுக்குப் பின்னால் எவ்வளவு இடம் இருக்கிறது என்று பார்த்தாள். போதுமான இடம் இருந்தது.

“நழுவினா என்ன பண்ணணும்னு அவளுக்குச் சொல்லிட்டீங்களா?”

“சொல்லிட்டேன். ‘விட்டேன்’னு சொல்லணும். எல்லாரும் விட்டுடணும்.”

“எல்லாரும்னா நீங்களும்தானே?”

அவர் இன்னொரு படி மேலே ஏறி நின்று, அவர்கள் இருவரையும் பார்த்துக்கொண்டே நெஞ்சு நிறைய ஒரு மூச்சு இழுத்தார். கட்டுக்குள் கிடந்த சட்டைக் கை, உள்ளேயிருந்து யாரோ லேசாக இழுத்ததுபோல் அசைந்தது.

“ம், வாங்க” என்றார். “நிதானமா.”